வாடிக்கையாளர் முன்பணமும் விற்பனை வரியும்: இந்தியக் கணக்குப் பதிவியலில்

பொருளோ சேவையோ கைமாறுவதற்கு முன்பே வாங்குபவர் விற்பவரிடம் கொடுக்கும் தொகை முன்பணம் எனப்படும். பேரம் உறுதியானதற்கு அடையாளமாகக் கொடுக்கப்படும் சிறு தொகையைத் தமிழக வணிகர்கள் அச்சாரம் என்பர். முன்பணம் கைக்கு வந்தவுடன் கணக்கரின் முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. அத்தொகை வருமானமா, கடனா என்பது ஒன்று. அதனுள் அடங்கிய வரி அரசுக்கு எந்த நாளில் கடன்படுகிறது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கணக்கியல் நெடுங்காலத்துக்கு முன்பே தெளிவான விடை கண்டுவிட்டது. இரண்டாவதற்கு இந்தியச் சட்டங்கள் 1939 முதல் இன்றுவரை காலத்துக்கொரு விடை கூறிவந்துள்ளன. கணக்கேட்டில் இவ்விரு இனங்களும் பதியப்படும் முறை அவ்விடைகளுக்கேற்பவே மாறிவந்தது.

ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என இரு பக்கங்களிலும் சம தொகையில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை இத்தாலியத் துறவி லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் விளக்கினார். அம்முறையின்படி, முன்பணம் வரும்போது ரொக்கக் கணக்கு பற்றாகவும் கொடுத்தவரின் கணக்கு வரவாகவும் எழுதப்படும். பொருளைக் கொடுக்கும்வரை விற்பவர் கடன்பட்டவரே என்பதால், அத்தொகை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகளின் பக்கத்தில் நிற்கும். வருவாயை எப்போது ஏற்பது என்பது பற்றி 1985-இல் வெளியான இந்தியக் கணக்கியல் தரம் 9 இந்நிலையிலிருந்து விலகவில்லை. 2018 ஏப்ரல் 1 முதல் பெரிய நிறுமங்களுக்கு நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 115 அதே தொகைக்கு ஒப்பந்தப் பொறுப்பு என்று பெயரிட்டது.

வரியின் வரலாறு இத்தனை சீராக அமையவில்லை. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பொருள் விற்பனைமீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்தது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜியின் அமைச்சரவை, அதனால் குறைந்த கலால் வருவாயை ஈடுசெய்யும் பொருட்டு, 1939-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய மாகாணம் 1938-இலேயே மோட்டார் எரிபொருள், மசகு எண்ணெய் ஆகியவற்றின் விற்பனைக்கு மட்டும் வரி விதித்திருந்தது. அனைத்துப் பொருள்களையும் தழுவிய விற்பனை வரி இந்தியாவில் முதலில் தோன்றியது சென்னை மாகாணத்திலேயே. பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் வணிகரின் மொத்த விற்றுமுதல்மீது அரை விழுக்காடு என்ற சிறிய வீதத்தில் அது விதிக்கப்பட்டது. வீதம் சிறிதாயினும் அதன் விளைவு பெரிது. அதுவரை தமக்கும் பங்காளிகளுக்கும் மட்டும் விளங்கினால் போதும் என்று ஏடு எழுதிவந்த வணிகர்கள், அதிகாரி கேட்கும்போது எடுத்துக்காட்டத்தக்க வகையில் எழுத வேண்டியவர்களாயினர்.

அக்கால வரி, விற்பனை என்ற நிகழ்ச்சியின்மீது விதிக்கப்பட்டது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமோ, பொருளின் உடைமை உடனே மாறும் விற்பனையையும், பின்னொரு நாளில் மாற இருக்கும் விற்பனை உடன்பாட்டையும் வேறுபடுத்துகிறது. முன்பேர வணிகத்தையும் விற்பனையாகக் கொண்டு வரி விதிக்க உத்தரப் பிரதேசம் முயன்றபோது, புத் பிரகாஷ் ஜெய் பிரகாஷ் வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம், முற்றுப்பெற்ற விற்பனைக்கே வரி விதிக்க இயலும், வெறும் உடன்பாட்டுக்கு இயலாது என்று தீர்ப்பளித்தது. சென்னை அரசு தரப்பாக இருந்த கேனன் டங்கர்லி வழக்கின் 1958-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், விற்பனை என்ற சொல்லுக்குப் பொருள் விற்பனைச் சட்டம் தரும் பொருளையே அரசியல் சட்டத்திலும் கொள்ள வேண்டும் என்றது. இதனால் முன்பணத்துக்கு வரி இல்லை என்பது நிலைபெற்றது. வரிப் பதிவு பட்டியல் போடும் நாளில் மட்டுமே எழுந்தது. கணக்கியலும் வரிச் சட்டமும் ஒரே நாளைச் சுட்டிய அக்காலமே கணக்கருக்கு மிக எளிதான காலம் எனலாம்.

வசூலித்த வரி யாருடைய பணம் என்ற வினா தனியே எழுந்தது. ஏலத்தில் பொருள் விற்ற கொல்கத்தா நிறுவனம் ஒன்று, வாங்கியோரிடம் பெற்ற விற்பனை வரியைத் தனிக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, அரசுக்கும் செலுத்தாமல் கொடுத்தவர்களுக்கும் திருப்பாமல் இருந்தது. சௌரிங்கி சேல்ஸ் பீரோ வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில், ஏட்டில் எந்தத் தலைப்பில் எழுதினாலும் அத்தொகை வணிக வரவே என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறியது. பத்தாண்டுகள் கழித்து வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி பிரிவு, வரியை உண்மையாகச் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்றது. செலுத்த வேண்டிய வரி என்ற தலைப்பின் கீழுள்ள இருப்பை ஆண்டிறுதியில் ஒவ்வொரு தணிக்கையாளரும் துருவிப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

முன்பணத்துக்கு வரி என்ற கருத்து சேவை வரியின் வழியாகவே இந்தியாவுக்குள் நுழைந்தது. தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்று சேவைகள்மீது 1994-இல் 5 விழுக்காடு வீதத்தில் தொடங்கிய இவ்வரியில், 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் இனி அளிக்கப்படவிருக்கும் சேவையையும் வரிக்குரியதாக்கியது. 2011-ஆம் ஆண்டின் விதிகள் முன்பணம் பெற்ற நாளையே வரி பிறக்கும் நாளாக வரையறுத்தன.

2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் இக்கொள்கையைப் பொருள்களுக்கும் விரித்தது. பட்டியல் நாள், பணம் பெற்ற நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ அதுவே வரி பிறக்கும் நாள். பணம் பெற்ற நாள் எது என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் கணக்குப் பதிவின் வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியது: தொகை விற்பவரின் கணக்கேட்டில் பதியப்பட்ட நாளும் வங்கிக் கணக்கில் வரவான நாளும் ஒப்பிடப்பட்டு, முந்தியது கொள்ளப்படும். நடந்ததைக் குறித்துவைக்கும் செயலாக மட்டும் இருந்த பதிவு, வரியையே பிறப்பிக்கும் நிகழ்ச்சியாக இங்கே உயர்கிறது. பிணையாகப் பெறும் வைப்புத்தொகை மட்டும், விலையில் ஈடுசெய்யப்படும்வரை, இவ்விதிக்குப் புறம்பானது.

இம்முறை சிறு வணிகர்களை வெகுவாக வருத்தியது. பொருளை அனுப்பாத நிலையில் வரி கட்ட வேண்டியிருந்ததோடு, ஒவ்வொரு முன்பணத்துக்கும் பெறுகைச் சீட்டு எழுதி, மாத அறிக்கையில் பெற்றதையும் ஈடுசெய்ததையும் தனித்தனி அட்டவணைகளில் காட்டவும் வேண்டியிருந்தது. 2017 அக்டோபர் 13 அன்று, ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மிகாதவர்களுக்குப் பொருள்களுக்கான முன்பணத்தின்மீதான வரி நீக்கப்பட்டது. நவம்பர் 15 அன்று, விற்றுமுதலின்மீது சிறு வீதத்தில் வரி கட்டும் இணக்க வரித் திட்டத்தில் சேராத அனைவருக்கும் இச்சலுகை விரிந்தது. நான்கரை மாதத்தில் செய்யப்பட்ட இத்திருத்தம் நியாயமானது. 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டிய நிலைக்குப் பொருள் வணிகம் இதன் மூலம் பெரிதும் திரும்பியது. சேவைகளுக்கு விலக்கு கிடைக்கவில்லை.

எனவே இன்றைய சிக்கல் சேவைத் தொழில்களில்தான் உள்ளது. 18 விழுக்காடு வரியோடு 1,18,000 ரூபாய் வாடகை பேசிய திருமண மண்டபம் ஒன்று, முன்பணமாக 59,000 ரூபாய் பெறுவதாகக் கொண்டால், தொகை வரியை உள்ளடக்கியது என்பதால் 118-இல் 18 பங்கு, அதாவது 9,000 ரூபாய், வரியாகும். 50,000 ரூபாயை வாடிக்கையாளர் கணக்கிலும், தலா 4,500 ரூபாயை மத்திய, மாநில வரிக் கணக்குகளிலும் நேரடியாக வரவு வைப்பது ஒரு முறை. மற்றொரு முறையில் 59,000 ரூபாய் முழுவதும் வாடிக்கையாளர் கணக்கில் வரவாகும். பின்னர் முன்பணத்தின்மீதான வரி என்ற சொத்துக் கணக்கு 9,000 ரூபாய்க்குப் பற்றாகவும் இரு வரிக் கணக்குகள் வரவாகவும் எழுதப்படும். திருமணம் முடிந்து பட்டியல் எழுதும்போது வாடகை 1,00,000 ரூபாய் வருவாயாகவும், முழு வரி 18,000 ரூபாய் பொறுப்பாகவும் பதியப்பட்டு, முன்பு கட்டிய 9,000 ரூபாய் எதிர்ப்பதிவால் கழிக்கப்படும். வாடிக்கையாளர் கொடுத்த தொகை அவர் கணக்கில் குறையாமல் தெரிவதால் இரண்டாவது முறையே சிறந்தது. நிலுவை எவ்வளவு என்று அவர் கேட்கும்போது பேரேடே விடை சொல்லிவிடும்.

முன்பணம் பெறும்போது வரி வீதம் இன்னதென முடிவாகாவிடில் 18 விழுக்காடு என்றும், மாநிலத்துக்குள்ளா வெளியிலா என்பது முடிவாகாவிடில் மாநிலங்களுக்கிடையிலான வழங்கல் என்றும் கொள்ள வேண்டும் என்பது சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின் விதி 50. சேவையைப் பெற்று வரிப் பட்டியலையும் கையில் வைத்திருந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு, அதாவது தாம் கொடுத்த வரியைத் தம் வரிப் பொறுப்பில் கழிக்கும் உரிமை, வாங்குபவருக்குக் கிடைக்கும். பெறுகைச் சீட்டு அதற்குப் போதாது. விற்பவரிடம் இன்று வரி கேட்கும் சட்டம் வாங்குபவருக்குரிய கழிவைப் பின்னொரு நாளுக்குத் தள்ளுவது, இரு தரப்பாரின் ஏடுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற நெறிக்கு முரணானது.

ஒப்பந்தம் முறிந்தால் பணத்திருப்பச் சீட்டு எழுதி, முன்பணப் பொறுப்பும் வரிப் பதிவும் நீக்கப்படும். பெருந்தொற்றால் நிகழ்ச்சிகள் பெருமளவில் கைவிடப்பட்ட 2020-இல், ஏப்ரல் 13 அன்று வெளியான சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது: பட்டியல் எழுதப்பட்டிருந்தால் வரவுக் குறிப்பு வழங்கி வரியைச் சரிக்கட்டலாம், சரிக்கட்ட அதே அளவு வரிப் பொறுப்பு இல்லாவிடினும், பட்டியலே எழுதப்படாவிடினும், மிகையாகக் கட்டிய வரியாகத் திரும்பப்பெற விண்ணப்பிக்கலாம்.