அரிதாரம்: கூத்து முகத்தில் இருந்த பாஷாணம்

சினிமாவுல ஒருத்தர் நடிக்க வந்தா "அரிதாரம் பூசினார்"னு பத்திரிகையில எழுதுறாங்க. கூத்துக்காரர் முகத்துக்குப் பூசுறதும் அரிதாரம்தான். ஆனா அந்த வார்த்தைக்கு மேக்கப்னு அர்த்தம் வந்தது பின்னாலதான். அரிதாரம்ங்கிறது ஒரு கல்லு. மஞ்சளா, பளபளன்னு, ஏடு ஏடா உரியும். வடமொழியில ஹரிதாலம். சித்த வைத்தியத்துல தாளகம்னும் சொல்லி, பாஷாண வரிசையில வெச்சிருக்காங்க. கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கல்லு அது. அதை அரைச்சு எண்ணெயில குழைச்சு முகத்துல பூசினதாலதான் முகப்பூச்சுக்கே அந்தப் பேர் நின்னு போச்சு.

இதை ஏன் எழுதுறேன்னா, பட்டணத்துல இருந்து வர்ற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க எல்லாரும் இப்போ ஒண்ணையேதான் கேக்கறாங்க. "கெமிக்கல் இல்லாத குங்குமம் உங்க ஊர்ல கிடைக்குமா, நேச்சுரலா மை யாராவது செய்யறாங்களா"ன்னு. கீழ்பென்னாத்தூர்ல விளைஞ்சா எல்லாம் சுத்தம்னு ஒரு நம்பிக்கை. மல்லாட்டை கேட்டா மூட்டையா தரலாம். மை, குங்குமம் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லீங்க. அரிதாரமும் நேச்சுரல்தான், மண்ணுல இருந்து தோண்டி எடுத்ததுதான்.

எங்க பக்கம் கூத்து பூமி. செய்யாறு பக்கத்துல இருக்கிற புரிசை ஊரைக் கேள்விப்பட்டிருப்பீங்க, தெருக்கூத்துக்கே பேர் போன ஊர், இதே திருவண்ணாமலை மாவட்டம். எங்க சுத்துப்பட்டுல திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்ல எல்லாம் வெயில் காலத்துல பாரதம் வைப்பாங்க. பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில படுகளம், தீமிதி. நான் சின்னப் பையனா இருந்தப்போ கூத்தை விட வேஷம் கட்டுற கொட்டகைதான் எனக்குப் பிடிக்கும். வாத்தியார் ஒரு சின்னக் கண்ணாடியை வெச்சுக்கிட்டு, தேங்காயெண்ணெயில பொடியைக் குழைச்சு, ஒரு மணி நேரம் முகத்துல எழுதுவார். துரியோதனனுக்குச் சிவப்பு. கிருஷ்ணனுக்குப் பச்சை சாயல். அதுமேல வெள்ளைப் புள்ளி. விடிய விடிய வேர்த்துக்கிட்டு ஆடணும். அந்த வேர்வையோட பொடியும் வாய்க்குள்ள, கண்ணுக்குள்ள இறங்கும்.

நான் பார்த்த காலத்துல அது கடையில வாங்கின பொடிதான். அதுக்கு முந்தின காலத்துல தென்னாட்டு ஆட்டக்காரங்க எல்லாருக்கும் வண்ணம்னா தாதுக் கல்லுதான். மலையாளத்துக் கதகளியில மஞ்சளுக்கு மனையோலைன்னு சொல்றது இந்த ஆர்சனிக் கல்லைத்தான். சிவப்புக்குச் சாயில்யம், அது நம்ம சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. வெள்ளைக்கு உலகத்துல பல இடங்கள்ல ஈய வெள்ளை. இதுல யாரும் யாரையும் ஏமாத்தல. அவ்வளவு பளிச்சுனு நிக்கிற நிறம் வேற எதுலயும் கிடைக்கல, அவ்வளவுதான். பூ, இலைச் சாயம் எல்லாம் தீவட்டி வெளிச்சத்துல மங்கிப் போகும்.

அரிதாரத்துக்கு இன்னும் சில வேலைகள் இருந்துச்சு. பழைய காலத்துல காகிதச் சுவடியில தப்பா எழுதிட்டா அதுமேல மஞ்சளா அரிதாரத்தைப் பூசி மறைச்சிட்டுத் திரும்ப எழுதுவாங்க, இப்போ ஒயிட்னர் மாதிரி. நேபாளத்துல காகிதத்துக்கே அதைப் பூசினாங்க, பூச்சி அரிக்காதுன்னு. துருக்கிக் குளியல் கூடங்கள்ல சுண்ணாம்போட சேர்த்து உடம்பு முடியை உதிர வைக்கப் பயன்படுத்தினாங்க. பூச்சி கிட்ட வராது, முடி கொட்டிடும். விவசாயிக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். டிடிடி வர்றதுக்கு முந்தி அமெரிக்காவுல ஆப்பிள் தோட்டத்துக்கு அடிச்ச மருந்து ஈயமும் ஆர்சனிக்கும் கலந்ததுதான்.

பூசினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நம்ம நாட்டுக் கூத்துக்காரங்களைப் பத்தி எழுதி வெச்சவங்க குறைவு. ஜப்பான்ல இருக்கு. அங்கே கபுகின்னு ஒரு கூத்து, ஆம்பளைங்களே பொம்பளை வேஷம் கட்டுவாங்க, நம்ம கூத்து மாதிரியேதான். முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளை பூசணும், அது ஈய வெள்ளை. 1887-ல சக்கரவர்த்தி மெய்ஜி முன்னால ஆடினப்போ நாகமுரா ஃபுகுசுகேன்னு பேர் பெற்ற நடிகருக்கு மேடையிலேயே கால் நடுங்க ஆரம்பிச்சது. ஈயம் ஏறினதாலன்னு தெரிஞ்சது. நாட்டையே ஆள்றவர் கண்ணு முன்னால நடந்தது. அப்படியும் ஈயம் கலந்த முகப் பவுடரை ஜப்பான்ல முழுசா நிறுத்த 1930-கள் நடு வரைக்கும் ஆச்சு.

நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு, அதுதான் என்னால மறக்க முடியாதது. ஜப்பான்ல கைக்குழந்தைங்களுக்கு மூளைக் காய்ச்சல் மாதிரி ஒரு நோய் வந்துகிட்டே இருந்தது, காரணம் புரியல. கியோட்டோ பல்கலைக்கழகத்து இகுதாரோ ஹிராய்ங்கிற டாக்டர் 1923-ல கண்டுபிடிச்சார்: அம்மாக்கள் பூசுற முகப் பவுடர். அம்மா கழுத்துலயும் மார்லயும் இருக்கிற வெள்ளை, பால் குடிக்கிற குழந்தை வாய்க்குள்ள போயிருக்கு. அம்மாக்கு ஒண்ணும் தெரியல, குழந்தைக்கு மூளை கெட்டது.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க வீட்டுப் பேத்தி ஞாபகம்தான் வந்தது. பொறந்து ஏழு மாசம் ஆகுது. பொண்ணு சென்னையில இருக்கா. கண்ணுக்கு மை வைக்கலாமா கூடாதான்னு அவளுக்கும் அவ மாமியாருக்கும் ஒரு சின்னப் போரே நடந்துச்சு. ரெண்டு பேரும் போன்ல என்னைத்தான் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாங்க.

நான் சொன்னது இதுதான். மைன்னா எந்த மை? எங்க அம்மா செஞ்ச மை எனக்குத் தெரியும். கரிசலாங்கண்ணிச் சாறுல வெள்ளைத் துணியை நனைச்சுக் காய வெச்சு, திரியாக்கி, விளக்கெண்ணெய்ல எரிச்சு, மேல தட்டைக் கவுத்து, படியற கரியை வழிச்சு, மறுபடி விளக்கெண்ணெய்ல குழைப்பாங்க. அதுல ஈயம் இல்லை. ஆனா வடக்க, அரபு நாடுகள்ல சுர்மான்னு ஒண்ணு இருக்கு, அது பல நேரம் ஈயக் கல்லை அரைச்ச பொடி. எகிப்துல மூவாயிரம் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே அதைத்தான் கண்ணுல தீட்டினாங்க. அந்தப் பொடி சின்ன டப்பாவுல நம்ம ஊர்க் கடைக்கும் வருது. ரெண்டுமே கருப்பு, ரெண்டுமே மை. கண்ணால பார்த்து யாராலயும் பிரிக்க முடியாது. ஈயத்துல இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைங்கிற கணக்கே குழந்தைக்குக் கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. அதனால மாமியார் கேட்ட மாதிரி திருஷ்டிப் பொட்டு உண்டு, வீட்டு மைதான், அதுவும் உள்ளங்கால்ல. டாக்டர் சொன்ன மாதிரி கண்ணுக்குள்ள கிடையாது. வீட்டு மையா இருந்தாலும் விரல் அழுக்கு கண்ணுக்குள்ள போகும் இல்லையா. கன்னத்துல வெச்சா குழந்தை தேய்ச்சு வாயில வெச்சுக்கும்னு பொண்ணே சொன்னா, அது சரிதான்.

மை பேச்சு வந்ததால சொல்றேன். திருவண்ணாமலை தீபம் பார்க்க வர்றீங்க, தீப மை வாங்கியிருப்பீங்களோ என்னவோ. மலை உச்சியில கொப்பரையில 11 நாள் தீபம் எரியும். அதுல சேர்ற கரியைக் கொண்டுவந்து, மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்னைக்கு நடராஜருக்குச் சாத்தின பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பாங்க. நெய்யும் காடாத் துணியும் எரிஞ்ச கரி. நெத்திக்கு வைக்கிறது.

குங்குமத்துக்கு வருவோம். நம்ம ஊர்க் குங்குமம்னா மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம், கொஞ்சம் நல்லெண்ணெய். மஞ்சள்ல இருக்கிற சத்தும் வெங்காரமும் புளிப்புல சேர்ந்தா சிவப்பாகும், வெளியில இருந்து சாயமே தேவையில்லை. கொஞ்சம் செங்கல் நிறமாதான் வரும், கடையில விக்கிற ரத்தச் சிவப்பு வராது. வடநாட்டுச் சிந்தூரம் வேற வம்சம். அது பழைய காலத்துல சாதிலிங்கமாவோ ஈயச் செந்தூரமாவோ இருந்தது. 2017-ல அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க நியூ ஜெர்சி கடைகள்ல 95, மும்பை டெல்லி கடைகள்ல 23, மொத்தம் 118 சிந்தூரத்தைச் சோதிச்சாங்க. கிட்டத்தட்ட 80 சதவீதத்துல ஈயம் தெரிஞ்சது, மூணுல ஒரு பங்கு அமெரிக்க அரசாங்கம் வெச்ச அளவையும் தாண்டியிருந்தது.

மஞ்சள் வாங்கி வீட்டுலயே குங்குமம் செஞ்சுடலாம்னு நெனைப்பீங்க. அந்த மஞ்சளையும் பாக்கணும். பங்களாதேஷ்ல கிழங்கு மங்கலா இருந்தா ஈயம் கலந்த மஞ்சள் பெயிண்ட் பொடியைப் போட்டு மெருகு ஏத்தியிருக்காங்க. 2019-ல ஆராய்ச்சிக்காரங்க இதை வெளியில கொண்டுவந்தாங்க. அரசாங்கம் மொத்த மார்க்கெட்டுலயே போய் பிடிச்சு அபராதம் போட்டது. சோதிச்சதுல 47 சதவீதம் கலப்படமா இருந்தது 2021-ல பூஜ்யம் ஆச்சு. ரெண்டே வருஷம். இது முடியாத காரியம் இல்லைன்னு அதனாலதான் சொல்றேன். நாங்க விக்கிற விளைச்சல் மங்கலா இருந்தா விலை குறைப்பாங்க, மெருகா இருந்தா ஏத்துவாங்க. வாங்குறவங்க கண்ணு கேக்கற நிறத்துக்குத்தான் கலப்படமே நடக்குது. மங்கல் மஞ்சளை முகம் சுளிக்காம வாங்குங்க.

ஸ்டிக்கர் பொட்டு வந்தப்போ எல்லாரும் நிம்மதி ஆனாங்க, பொடி கொட்டாது, அழியாதுன்னு. எங்க சின்னம்மாவுக்கு நெத்தியில பொட்டு அளவுக்கே, வட்டமா, வெள்ளையா ஒரு திட்டு விழுந்தது. ஊர்ல வெண்குஷ்டம்னு பேசிட்டாங்க. அவங்க பொண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, பரம்பரை நோயோன்னு காபியைக் குடிச்சிட்டுப் போனவங்கதான், திரும்ப வரல. தோல் டாக்டர்தான் அது பொட்டோட பசைன்னு சொன்னார். 1990-லயே அலகாபாத் டாக்டருங்க எழுதியிருக்காங்க, பசையில இருக்கிற பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால்ங்கிற சரக்கு தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுவையே அழிக்குதுன்னு. எல்லா ஸ்டிக்கருலயும் இல்லை, எல்லாருக்கும் வராது. சின்னம்மா சாந்துக்கு மாறினாங்க, திட்டு கொஞ்சம் கொஞ்சமா மங்குச்சு. அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு யார் போய் விளக்கம் சொல்றது?

இப்போ சந்தையில எல்லாத்தையும் விட வேகமா போறது வெள்ளையாக்குற கிரீம். பேர் ஊர் இல்லாத டப்பா, ஒரு வாரத்துல பளிச்சுனு ஆகும்னு சொல்வாங்க. ஆகுதுதான், அதுல இருக்கிற பாதரசம் தோல்ல கருப்பு உண்டாகிறதையே தடுத்துடும். நம்ம பக்கத்து மாநிலம் கேரளாவுல, மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்ல சிறுநீரக டாக்டருங்க 2021 ஜூலையில இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் ஒரே மாதிரி சிறுநீரக நோய்ல 22 பேரைப் பார்த்தாங்க. அதுல 15 பேருக்கு ஒரு அபூர்வ வகை. விசாரிச்சா அந்த 15-ல 13 பேர் வெள்ளையாக்குற கிரீம் பூசினவங்க. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல "ஆபரேஷன் சௌந்தர்யா"ன்னு பேர் வெச்சு கடை கடையா சோதனை போட்டது.

என் வயசு விவசாயிங்களுக்குப் பாதரசம் புதுசு இல்லை. அந்தக் காலத்துல நெல்லு விதைநேர்த்திக்குப் பாதரச மருந்துதான் கொடுப்பாங்க. கலந்த விதையை மாட்டுக்குக்கூட போடாதேன்னு எங்க அப்பா திட்டிக்கிட்டே கலப்பார். ஈராக்ல 1971-72-ல அப்படி மருந்து போட்ட விதைக் கோதுமையை மாவாக்கி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு 6,530 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்து, 459 பேர் செத்தாங்க. கிரீம்ல இருக்கிறது வேற உப்பு, அவ்வளவு வேகமா கொல்லாது, மெதுவா சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நம்ம நாட்டுச் சட்டம் தெளிவா இருக்கு. 2020 அழகுசாதன விதிகள்படி கண்ணுக்கு வைக்கிற சரக்குல பாதரசம் பத்து லட்சத்துல 70 பங்குக்கு மேல கூடாது, மத்ததுல தெரியாம கலந்தாக்கூட 1 பங்குக்கு மேல கூடாது. நிறத்துக்காக ஈயமோ ஆர்சனிக்கோ சேர்க்கவே கூடாது. டப்பாவுல செஞ்சவங்க விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி, என்ன என்ன கலந்ததுங்கிற பட்டியல் இருக்கணும். "நேச்சுரல்", "ஹெர்பல்"னு எழுதறதை விட்டுட்டு இந்த அஞ்சையும் தேடிப் பாருங்க. பட்டியல்ல கலோமல், மெர்குரின்னு எந்த வடிவத்துல இருந்தாலும் வேணாம், ஆனா கலப்படக்காரன் அதை எழுதவே மாட்டான். ஒரு குறிப்பு மட்டும் சில டப்பாவுல தவறி நிக்கும்: தங்கம், வெள்ளி நகை மேல படாம பாத்துக்கோங்கன்னு. பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும்னு ஆசாரியைக் கேட்டா சொல்வார். நகை மேலயே படக் கூடாதுன்னா மூஞ்சியில எப்படிப் பூசுறது?

2023 நவம்பர்ல ஜெனீவாவுல கூடின மினமாட்டா ஒப்பந்த நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவும் 2025-க்கு மேல செய்யவோ ஏற்றுமதி, இறக்குமதி பண்ணவோ கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கு. எங்க சந்தையில அந்த டப்பா போன வாரமும் இருந்துச்சு. விலையும் ஏறல.

கூத்துக்காரங்க கதை மட்டும் மாறியிருக்கு. போன வருஷம் பக்கத்து ஊர் பாரதத்துல வேஷக் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். துரியோதனன் கட்டுற பையனுக்கு இருபது வயசு இருக்கும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிச்சுக்கிட்டு இருந்தான். "என்னப்பா படிக்கிற"ன்னேன். "டேட்டு முடிஞ்சுதான்னு பாக்கறேன் பெரிப்பா, போன தடவை கன்னமெல்லாம் கொப்பளிச்சிடுச்சு"ன்னான். அப்புறம் அந்த டப்பாவை ஓரமா வெச்சிட்டு, பையில இருந்து வேற ஒண்ணை எடுத்து, தேங்காயெண்ணெயைத் தொட்டுக் குழைக்க ஆரம்பிச்சான்.