ஏரிக்கரைக்கு வந்த ரயில்

விடுமுறை விட்டால் வெளியூர் போவது மனித சுபாவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சற்று யோசித்தால் அப்படி இல்லை என்று தெரியும். மனிதன் ஆதி காலத்திலிருந்தே பிரயாணம் செய்துகொண்டுதான் இருக்கிறான். சாமி கும்பிடப் போனான். சரக்கு விற்கப் போனான். சண்டை போடப் போனான். பெண் பார்க்கப் போனான். ஆனால், "அங்கே ஓர் ஏரி இருக்கிறதாம், சுற்றிலும் மலையாம், போய்ச் சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது சமீபத்துக் கதை. அந்தக் கதையில் முக்கியமான ஓர் அத்தியாயம் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் நடந்தது. அதில் கவிஞர் உண்டு, பீரங்கி உண்டு, ரயில் உண்டு, கோர்ட்டு வழக்கும் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

லேக் டிஸ்ட்ரிக்ட் என்று அந்தப் பிரதேசத்துக்குப் பெயர். ஏரிச் சீமை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கம்பர்லண்ட், வெஸ்ட்மார்லண்ட், லங்காஷயர் என்ற மூன்று பழைய ஜில்லாக்கள் கூடுகிற இடம். எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்கு முன் பனியாறுகள் மலைகளைக் குடைந்துகொண்டு போயின. அவை தோண்டிய நீண்ட பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரிகள் ஆயின. அவற்றில் பெரியது வின்டர்மியர். பத்தரை மைல் நீளம். வசந்தம் அங்கே மார்ச்சு கடைசியில் மெதுவாக எட்டிப் பார்க்கும். ஏப்ரலில் பள்ளத்தாக்கில் பூவும், மலை உச்சியில் மிச்சம் மீதி வெண்பனியும், நடுவில் புல்வெளியில் ஆட்டுக்குட்டிகளுமாக இருக்கும்.

இவ்வளவு அழகும் அன்றும் இருந்தது. ஆனால் அதை அழகு என்று ஒருவரும் சொல்லவில்லை. ராபின்சன் குரூஸோ கதையை எழுதிய டீபோ, 1720-களில் பிரசுரமான தம் பிரயாண நூலில் வெஸ்ட்மார்லண்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் தாம் கண்ட இடங்களிலேயே மிகவும் வறண்டது, பயங்கரமானது என்பது அவர் அபிப்பிராயம். விளைச்சல் இல்லாத மலையைப் பார்த்து அந்தக் காலத்து மனிதர் பெருமூச்சு விட்டார், கவிதை எழுதவில்லை.

அரை நூற்றாண்டுக்குள் கண் மாறிவிட்டது. 1769-இல் தாமஸ் கிரே என்ற கவிஞர் அங்கே போனார். கையில் ஒரு சிறிய கண்ணாடி. கறுப்புப் பூச்சுள்ள குவிந்த கண்ணாடி அது. மலைக்கும் ஏரிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். காட்சி முழுவதும் சட்டத்தில் அடைத்த சித்திரம் மாதிரி தெரியும். கண்ணாடியைத் திறந்து கையில் பிடித்தபடி நடந்த கிரே, கெசிக் அருகே ஒரு சேற்றுச் சந்தில் மல்லாந்து விழுந்தார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் முட்டிதான் பெயர்ந்தது. இன்று மலை விளிம்பில் நின்று, காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பேசியில் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்கிறவர்களைக் கண்டு யாரும் கோபப்பட வேண்டாம். அவர்களுக்கு மூதாதை ஒருவர் இருக்கிறார்.

1778-இல் தாமஸ் வெஸ்ட் என்ற பாதிரியார் அந்தப் பிரதேசத்துக்கு வழிகாட்டி நூல் ஒன்று எழுதினார். எந்த ஏரியை எந்த மேட்டில் நின்று பார்க்க வேண்டும் என்று இடம் குறித்துக் கொடுத்தார். அப்படி ஓர் இடத்தில், வின்டர்மியரின் மேற்குக் கரையில், பிறகு ஒரு மாளிகையே எழும்பிவிட்டது. அதன் ஜன்னல்களுக்குப் பல வர்ணக் கண்ணாடி. இளம்பச்சைக் கண்ணாடி வழியே பார்த்தால் வசந்தம். நீலத்தின் வழியே பார்த்தால் குளிர்காலம்! பொழுதுபோக்கு அதோடு நிற்கவில்லை. ஏரி நடுவே படகில் போய்ப் பீரங்கி வெடிப்பார்கள். அந்த ஓசை மலைக்கு மலை மோதி எதிரொலிப்பதைக் கனவான்கள் கண்ணை மூடிக்கொண்டு அனுபவிப்பார்கள். சின்னப் பீரங்கிக்கு ஒரு கட்டணம், பெரிய பீரங்கிக்கு ஒரு கட்டணம். எதிரொலியைக்கூடக் காசுக்கு விற்ற அந்தப் படகுக்காரர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

1793-லிருந்து பிரான்சோடு யுத்தம். ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு வழி அடைபட்டுப் போன பணக்காரர்கள், ஆல்ப்ஸ் மலைக்குப் பதிலாக ஏரிச் சீமைக்கு வண்டி கட்டினார்கள். வில்லியம் வோர்ட்ஸ்வொர்த்துக்கு வண்டி கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அவர் 1770-இல் அங்கேயே பிறந்தவர். 1799 டிசம்பரில் தங்கை டோரதியுடன் கிராஸ்மியரில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிவந்தார்.

1802-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி. அண்ணனும் தங்கையும் நண்பர் வீட்டில் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரமாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பேய்க்காற்று. மூச்சு வாங்க ஆங்காங்கே நிற்க வேண்டியிருந்தது. கரையோரத்தில் முதலில் நாலைந்து டாஃபடில் பூக்கள் தென்பட்டன. போகப் போக, கரை நெடுகிலும் ஒரு பாதை அகலத்துக்குப் பூவாகவே இருந்தது. டோரதி அதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இரண்டு வருஷம் கழித்து அண்ணன் பாட்டு எழுதினார். 1807-இல் அது அச்சாயிற்று. நம் ஊரில் ஆங்கிலப் பாடம் படித்தவர்களில் அந்தப் பாட்டை நெட்டுருப் போடாதவர்கள் குறைவு. அந்தப் பூவைக் கண்ணால் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. எங்கள் வாத்தியார், "மஞ்சளாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஓர் ஏப்ரல் மாதம் நான் அல்ஸ்வாட்டரில் கப்பலேறிப் போனேன். 1877-இல் தண்ணீரில் இறக்கிய கப்பல் அங்கே இன்னும் ஓடுகிறது. கரையில் பார்த்த காட்டு டாஃபடில், பூந்தொட்டிகளில் காணும் பெரிய பூ அல்ல. ஒரு சாண் உயரம், வெளிறின மஞ்சள், மெல்லிய தண்டு. காற்று அடித்தால் ஆடுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

பாட்டில் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அதில் தங்கை இல்லை. கவிஞர் தன்னந்தனியாகத் திரிகிறார். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேண்டாத பாத்திரத்தை நாங்களும் பாதி வழியில் இறக்கிவிடுகிறவர்கள்தாம். ஆனால் அந்தத் தனிமை ஆசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் தகராறுக்கு விதை.

வோர்ட்ஸ்வொர்த்தும் ஏரிச் சீமைக்கு ஒரு வழிகாட்டி எழுதினார். 1810-இல் வேறொருவருடைய சித்திரத் தொகுதிக்கு, பெயர் போடாத முன்னுரையாக அது வெளிவந்தது. பிறகு தனி நூலாகி, வளர்ந்து, 1835-இல் ஐந்தாம் பதிப்புக் கண்டது. மே நடுவிலிருந்து ஜூன் நடுவரையில் வருவது நல்லது என்கிறார். மலைச் சரிவில் வெள்ளையடித்த வீடு கட்டாதீர்கள், ஊருக்கு ஒவ்வாத லார்ச் மரங்களை வரிசை வரிசையாக நடாதீர்கள் என்று சண்டை பிடிக்கிறார். அந்த நூலில் இன்னொரு கருத்தும் இருக்கிறது. பார்க்கக் கண்ணும் ரஸிக்க நெஞ்சமும் உள்ள ஒவ்வொருவருக்கும் இந்தப் பிரதேசத்தில் பாத்தியதை உண்டு. இது ஒரு மாதிரி தேசத்தின் பொதுச் சொத்து என்பதே அது. அவர் காலத்தில் அதைப் படித்தவர்கள் இது வெறும் அலங்காரப் பேச்சு என்று நினைத்திருக்கலாம்.

1844-இல் கெண்டலிலிருந்து வின்டர்மியருக்கு ரயில் போடத் திட்டம் வந்தது. கவிஞருக்கு அப்போது வயது 74. அரசவைக் கவிஞர் பட்டம் கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொதித்து எழுந்தார். கவிதை ஒன்றும், நீண்ட கடிதங்கள் இரண்டும் பத்திரிகைக்கு எழுதினார். மலையின் அழகு பார்த்தவுடன் புரிகிற விஷயம் அல்ல, நாளாவட்டத்தில் பழகி வருவது என்பது அவர் வாதம். ஆலைத் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் ரயிலில் கொண்டுவந்து கொட்டினால் அவர்களுக்கும் பயன் இல்லை, ஏரிக்கும் அமைதி இல்லை. மல்யுத்தமும் படகுப் பந்தயமும் சாராயக் கடையும்தான் மிஞ்சும். அவரவர் ஊர் வயல்வெளியில் ஞாயிற்றுக்கிழமை உலாவினால் போதாதா என்று கேட்டார்.

பாத்தியதை எல்லோருக்கும் உண்டு, ஆனால் ரயிலில் வருகிறவனுக்குக் கிடையாது என்றால் என்ன அர்த்தம்? நடந்து வரக் கால் பலமும், தங்கப் பணமும், ஒரு மாத ஓய்வும் உள்ளவனுக்கு மட்டும் என்றுதானே? மான்செஸ்டர் ஆலையில் வாரத்தில் ஆறு நாள் பஞ்சுத் தூசியில் நிற்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் விடுமுறை கிடைத்தால், அந்த ஒரு நாளைக்குள் ஏரியைப் பார்த்துத் திரும்ப ரயிலைத் தவிர வேறு உபாயம் ஏது?

ரயில் வந்துவிட்டது. 1847 ஏப்ரலில், நல்ல வசந்தத்தில், முதல் வண்டி வந்து நின்றது. நின்ற இடம் பர்த்வெய்ட் என்ற கிராமம். ஏரி அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் கீழே இருந்தது. ஸ்டேஷனுக்கு வின்டர்மியர் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே வருஷம் ஜூலையில் கவிஞரின் அருமை மகள் டோரா இறந்துபோனாள். ரைடலில் தமக்குச் சொந்தமான நிலத்தில், கவிஞரும் மனைவியும் மகள் நினைவாக டாஃபடில் நட்டார்கள். மூன்று வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். இன்று அந்த நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். வசந்தத்தில் அங்கே பூத்திருக்கும்போது யாரும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்கவில்லை.

கவிஞர் பயந்தபடி ரயிலில் வந்தவர்கள் ஏரியை அழித்தார்களா? அழிவு வேறு வழியாக வந்தது. 1879-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன்படி தர்ல்மியர் ஏரியில் அணை கட்டி, 96 மைல் தூரம் கால்வாயும் குழாயுமாகக் கொண்டுபோய், 1894-இல் மான்செஸ்டருக்குக் குடிநீர் கொடுத்தார்கள். பழைய கரை முழுகியது. கரையோரப் பாறை ஒன்றில் வோர்ட்ஸ்வொர்த்தும், டோரதியும், கோல்ரிட்ஜும் மற்றவர்களும் தங்கள் பெயர்களின் முதலெழுத்துக்களைச் செதுக்கியிருந்தார்கள். அந்தப் பாறையும் வெடிக்கு இரையாயிற்று. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் காப்பாற்ற ஒரு பாதிரியார் முயன்றார். ஆனால் நகரத்துக் குழந்தைகளுக்குக் குடிநீர் வேண்டாமா என்று கேட்டால், வேண்டாம் என்று எந்தக் கவிஞர் சொல்ல முடியும்? அழகுக்கும் தேவைக்கும் நடக்கிற வழக்கில் எப்போதும் ஒரே கட்சி ஜெயிப்பதில்லை, ஜெயிக்கவும் கூடாது.

அந்தப் பாதிரியாரின் பெயர் ரான்ஸ்லி. கெசிக் ஊருக்கு மேலே லாட்ரிக் என்று ஒரு குன்று. நிலச்சுவான்தார் பாதையை அடைத்துவிட்டார். 1887 அக்டோபரில் சுமார் 2,000 பேர் திரண்டு, தடைகளைத் தாண்டி உச்சிக்கு ஏறினார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போய், அடுத்த வருஷம் சமரசமாகி, உச்சிக்கு வழி திறந்தது. 1895-இல் ரான்ஸ்லியும், ஆக்டேவியா ஹில் அம்மையாரும், ராபர்ட் ஹண்டர் என்ற வக்கீலும் சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். டெர்வென்ட்வாட்டர் கரையில் பிராண்டில்ஹோ என்ற தோப்பு விலைக்கு வந்தபோது, 108 ஏக்கருக்கு 6,500 பவுன் வேண்டியிருந்தது. ஊர் ஊராகச் சந்தா திரட்டி வாங்கி, 1902-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சந்தா அனுப்பியவர்களில் ஒரு தொழிலாளி இருந்தார். சில ஷில்லிங்குகள்தான் அனுப்பினார். அதற்குமேல் தமக்குச் சக்தியில்லை, ஆனால் ஒரு தடவை அந்த ஏரியைப் பார்த்திருப்பதாகவும், அதை மறக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். ரஸனை நாளாவட்டத்தில்தான் வரும் என்றவருக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பதிலும் உண்டு. பிளாக்பர்ன் என்ற பஞ்சாலை ஊரில் ஒரு கொத்தனாரின் மகன். பெயர் ஆல்பிரட் வெய்ன்ரைட். 13 வயதில் பள்ளியை விட்டு ஆபீஸ் பையனாகச் சேர்ந்தவர். 1930 ஜூனில், 23 வயதில், ஒரு வார விடுமுறைக்கு முதல் தடவையாக ஏரிச் சீமைக்கு வந்தார். வின்டர்மியர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓரெஸ்ட் ஹெட் என்ற சிறு குன்று. ஏற அரை மணி நேரம்கூட ஆகாது. அதன் உச்சியில் நின்ற அந்தக் கணத்தில் அவர் வாழ்க்கையே திசை மாறியது. 1941-இல் கெண்டலுக்கே குடிபெயர்ந்தார். ஓய்வு நேரத்தில் தனியாக நடந்து, 214 மலைகளைப் பற்றித் தம் கையாலேயே எழுதி, வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்களை வெளியிட்டார். வோர்ட்ஸ்வொர்த்தின் நூலுக்குப் பிறகு அந்தப் பிரதேசத்துக்கு அப்படி ஒரு வழிகாட்டி வந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், வெய்ன்ரைட்டும் கூட்டம் பிடிக்காதவர். மலையில் எதிரே ஆள் வந்தால் பேச்சுக் கொடுக்காமல் ஒதுங்கிப் போக விரும்புகிறவர். தனிமையைத் தேடிப் போனவர் எழுதிய புத்தகம்தான் ஆயிரமாயிரம் பேரைக் கூட்டி வந்தது.

1951-இல் ஏரிச் சீமை தேசியப் பூங்கா ஆயிற்று. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. பொதுச் சொத்து என்று கவிஞர் எழுதிய வார்த்தை, அவர் விரும்பாத ஜனங்களின் காலாலும் காசாலும் நிஜமாகிவிட்டது. வசந்தத்தில் அங்கே போகிறவர்கள் பூப் பார்க்கலாம், படகு விடலாம், கவிஞர் வீட்டையும் பார்க்கலாம். எனக்குக் கேட்டால், முதலில் ரயிலில் போய் இறங்கி ஓரெஸ்ட் ஹெட்டில் ஏறுங்கள் என்பேன். மேலே உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள். சற்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கீழே ஏரி முழுவதும் தெரியும்.