வேங்கடபதியின் நாட்டில் மீட்பின் உறுதி: சந்திரகிரி, 1598–1614

சந்திரகிரிக் கோட்டையின் இராஜமகாலைக் காணச் செல்வோர் விஜயநகரத்தின் இறுதிக் காலத்தை எண்ணித் திரும்புவர். கிறித்தவ இறையியல் வரலாற்றை ஆராய்வோருக்கு அவ்விடம் வேறொரு வினாவையும் எழுப்புகிறது: மீட்படைந்தவர் அம்மீட்பை இழக்கக்கூடுமா?

1598இல் மயிலாப்பூர்ச் சாந்தோமிலிருந்து இயேசு சபைக் குருக்கள் இரண்டாம் வேங்கடபதி இராயரின் சந்திரகிரி அவைக்கு வந்தனர். அரசர் அவர்களை மதிப்புடன் வரவேற்றார். தேவாலயம் கட்டவும் இசைந்தார். சபைப் பார்வையாளர் நிக்கோலாவ் பிமெந்தாவின் காலத்துக் கடிதங்கள் இதற்குச் சான்று. ஹென்றி ஹீராஸ் 1927இல் வெளியிட்ட ஆரவீடு வம்ச வரலாறு இக்கடிதங்களை விரிவாகப் பயன்படுத்தியது. அரசர் ஏன் மதம் மாறவில்லை என்ற கேள்வியோடு இவ்வத்தியாயத்தை முடித்துவிடுவது வழக்கம். அன்று ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்ததையும் உடன்வைத்துப் பார்த்தால் அது வேறுவிதமாகத் தோன்றும்.

திரெந்து பொதுச்சங்கம் 1547இல், தனி வெளிப்பாடு பெற்றாலன்றி இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று எவரும் ஐயமற உறுதிகொள்ள முடியாது என வரையறுத்தது. கடவுளின் துணையில் உறுதியான நம்பிக்கை வைக்கலாம். தன் நிலைமீது அல்ல. ஆயினும் அருளும் மனித விருப்பமும் இணைவது எங்ஙனம் என்பதில் கத்தோலிக்கருக்குள்ளேயே பூசல் மூண்டது. லூயிஸ் மோலினாவின் நூல் 1588இல் வெளிவந்தபின் இயேசு சபையாரும் தொமினிக்கரும் மோதினர். அவ்வழக்கை விசாரிக்க உரோமையில் கூடிய குழு 1598 முதல் 1607 வரை அமர்ந்து, முடிவின்றிக் கலைந்தது. சந்திரகிரிக்கு வந்த குருக்களின் சொந்தச் சபையே அவ்வழக்கில் ஒரு தரப்பு.

மறுதரப்புக் கிறித்தவமும் தொலைவில் இல்லை. 1610இல் வேங்கடபதியின் இசைவுடன் டச்சுக்காரர் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். அவர்களது சீர்திருத்தத் திருச்சபை 1618–19இல் டார்ட் நகரில் கூடி, கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டோர் இடறினாலும் முற்றாக வீழ்வதில்லை என்று அறிவித்தது. ஆக, ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள், மீட்பின் உறுதி குறித்த இருவேறு கிறித்தவ விடைகள் ஒரே அரசரின் நாட்டில் காலூன்றின.

அவ்வினா அந்நாட்டுக்குப் புதிதன்று. வேங்கடபதி தம் காசுகளில் திருவேங்கடமுடையான் பெயரைப் பொறித்தவர். குமார தாத்தாசாரியாரைக் குருவாகக் கொண்டவர். அவரது வைணவ மரபில் சரணாகதி செய்தவனின் கதி குறித்த விவாதம் வேதாந்த தேசிகர், பிள்ளை லோகாசாரியர் காலத்திலிருந்தே தொடர்ந்தது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியின் நியாயத்தை வடகலைக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியின் நியாயத்தைத் தென்கலைக்கும் உரியதாகச் சொல்வர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ருடால்ஃப் ஒட்டோ 1930இல் இந்திய அருள்நெறியைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு எழுதிய பின், குரங்கைக் கத்தோலிக்கத்துக்கும் பூனையைச் சீர்திருத்த மரபுக்கும் நேராக வைப்பது எளிதாகிவிட்டது. இது பிழை. இரு கலையாரும் வேறுபடுவது, சரணாகதி என்னும் செயலுக்கு மீட்பில் என்ன பங்கு என்பதில்தான். சரணடைந்தவனுக்கு இவ்வுடல் வீழ்ந்ததும் வீடு உறுதி, அவன் பாரமற்றவன் என்பதில் இருவரும் ஒன்றே. முத்தி பெற்றவன் மீள்வதில்லை என்னும் பிரம்மசூத்திரத்தின் இறுதிச் சூத்திரத்துக்கு உரைசெய்த இராமாநுசர், தனக்கு அருமையான அடியவனை அடைந்த இறைவன் அவனைத் திருப்பியனுப்ப எண்ணான் என்று காரணம் காட்டினார். உறுதி, பற்றியிருப்பவனின் வலிமையில் இல்லை. யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், தம் ஆடுகளை எவரும் தம் கையிலிருந்து பறிக்க இயலாது என இயேசு உரைப்பதும் இத்திசையிலேயே. ஆனால் எபிரெயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம், ஒளிபெற்றபின் விலகிப்போவோரை எச்சரிக்கிறது. கிறித்தவ மரபுகள் பிரிந்தது இவ்விரு பகுதிகளையும் எவ்வாறு சேர்த்து வாசிப்பது என்பதில்தான்.

ஒற்றுமை இங்கே நின்றுவிடுகிறது; சொல்லைப் பார்த்தால் வேற்றுமை புலப்படும். விசிட்டாத்துவைதத்தில் சீவன் இயல்பாகவே நித்தியம். அந்நெறியில் பயின்றவருக்கு ‘நித்திய ஜீவன்’ என்பது வாக்குறுதியாகவே ஒலிக்காது. முன்பே உள்ள ஒன்றைச் சொல்வதாகவே படும். யோவான் நற்செய்தியின் பதினேழாம் அதிகாரமோ அதை முடிவற்ற கால அளவாக மட்டும் கூறாமல், கடவுளையும் அவர் அனுப்பியவரையும் அறிதல் என்று விளக்குகிறது. அது உயிரின் இயல்பு அன்று, கொடை. மதுரையில் 1606 முதல் பணியாற்றிய இராபர்ட் தெ நொபிலி ‘கரையேறுதல்’ என்ற சொல்லை எடுத்தாண்டதன் அருமை இப்பின்னணியில் விளங்கும்: கரை என்றால் கடலும் உண்டு, கடத்துபவரும் உண்டு. சீர்திருத்தத் திருச்சபைத் தமிழ் விவிலியத்தில் ‘நித்தியஜீவன்’, ‘இரட்சிப்பு’ நிலைத்தன; 1995இன் பொது மொழிபெயர்ப்பு ‘நிலைவாழ்வு’, ‘மீட்பு’ என்றது. ‘நிலை’ என்ற அச்சிறு சொல்லில் நீடிப்பும் உறுதியும் ஒருங்கே ஒலிக்கின்றன.

வேங்கடபதி 1614இல் மறைந்தார். சந்திரகிரிப் பணியைத் தோல்வி என்று எழுதுவது எளிது; மனமாற்றக் கணக்கை அளவுகோலாகக் கொண்டால் அதுவே முடிவு. வினாக்களின் வரலாற்றை எழுத முனையும் மாணவர்க்கு அது முடிவாகாது. இறுதிவரை நம்மைத் தாங்குவது நம் பிடியா, நம்மைப் பிடித்தவரின் பிடியா என்று உரோமையில் வாதிட்டவர்களும், திருமலையின் அடிவாரத்தில் வாதிட்டவர்களும் ஒருகாலத்தவர். அவ்விரு தரப்பின் நூல்களையும் அருகருகே வைத்து வாசிப்பது இன்று நம்மால் இயலும்.