ஏரியில் வலை வீசுபவர்கள்



நம் பின்பக்க ஏரியில் காலையில் வலை வீசுபவர்களைத் தடுக்க வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். முடிவெடுக்கும் முன் இந்த வலைகளின் பழைய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'மீன்பாட்டம்' என்றொரு வரி வருகிறது. ஏரியில் மீன் பிடிப்பதற்காகக் கட்டுவது. அந்த வருமானத்தில் ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்திய ஊர்கள் உண்டு. உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்தது. இன்றும் பல ஊர்களில் மீன்பாசி குத்தகை ஏலம் விடுகிறார்கள்.

கருவிகளும் தண்ணீருக்கு ஏற்றபடிதான். மதகு வாய்க்காலில் மூங்கில் பறி. உள்ளே போன மீன் திரும்ப முடியாது. கோடையில் தண்ணீர் வற்றினால் அடியில்லாத ஊத்தாக் கூடையைச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியே கைவிட்டு விரால் எடுப்பார்கள். வீச்சு வலைக்கு ஓர் ஆள் போதும். குடைபோல் விரிந்து விழும், ஓரத்து ஈயக் குண்டுகள் அதை அடிக்கு இழுக்கும். செவுள் வலை தண்ணீரில் சுவர்போல் நிற்கும். கண்ணில் தலையை நுழைத்த மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும். கண் பெரிதாக இருந்தால் குஞ்சுகள் தப்பிவிடும்.

1980களில் நான் இருந்த கிராமக் கிளையில் ஐ.ஆர்.டி.பி. திட்டத்தில் வலைக்கும் கடன் கொடுத்தோம். பருத்தி வலை தண்ணீரில் இற்றுப்போகும். புளியங்கொட்டை, மரப்பட்டைச் சாயம் ஏற்றி, உலர்த்தித்தான் காப்பாற்ற வேண்டும். நைலானுக்கு அந்தத் தொல்லை இல்லை. "நீடித்து உழைக்கும்" என்று படிவத்தில் நானே எழுதியிருக்கிறேன். அறுந்து ஏரியில் விட்டுப்போன நைலான் வலையும் மக்காது, அதில் மீனும் ஆமையும் நீர்க்காகமும் மாட்டிச் சாகும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வீசி எடுத்துக்கொண்டு போகிறவரைத் தடுக்க வேண்டாம். இரவில் கட்டிவிட்டுப் போகும் வலைகளையும், பொடிக்கண் வலைகளையும் பற்றி மட்டும் அவர்களிடம் பேசுவோம். கிழிந்த துண்டுகளைப் போட நம் பின்வாசலில் ஒரு தொட்டி வைக்கலாம். முதல் தொட்டி என் செலவு. நம் கட்டடம் வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் இந்தக் கரைக்கு வருகிறவர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் இருவரையாவது அழைத்து, அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவெடுப்போமா?