யார் போட்ட புள்ளி, யாருடைய கோப்பை

திருவண்ணாமலையில் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து ஆட்டம் என்றால் ஸ்கோர் மேஜையில் என்னைத்தான் உட்காரவைப்பார்கள். சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனா. இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு அழுத்திய பொட்டு, மூன்று புள்ளி போட்டால் அவள் எண்ணைச் சுற்றி வட்டம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஐந்து ஃபவுல் கட்டம். மலைப் பக்கத்து ரிங்கின் கீழே முழங்கை இடிபட்டு ரீபவுண்ட் பிடித்தவளுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. சர்வதேசக் கூட்டமைப்பின் தாளே அப்படித்தான்.

பெண்கள் ஆட்டத்தின் பூர்வீகத்தைப் பார்த்தால் இது வேடிக்கையாக இருக்கும். 1891-ல் நைஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். மறு வருஷமே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். ஒருத்தியே ஆடித் தீர்க்கக் கூடாது என்று களத்தை மூன்றாகப் பிரித்து, கோட்டைத் தாண்டாதே, பந்தைப் பறிக்காதே என்று விதி வைத்தார். பலன் நேர்மாறானது. புள்ளி போடுவதே ஃபார்வர்டுகளின் பிழைப்பாயிற்று. பின்னால் நின்ற கார்டுக்குப் பள்ளி முடிக்கும்வரை ஒரு புள்ளிகூடப் போட வழியில்லை. களத்தை இரண்டாகப் பிரித்த ஆறு பேர் ஆட்டம் ஐயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை நடந்தது.

அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் கெய்ட்லின் கிளார்க் 3,951 புள்ளி குவித்தார். 2023, 2024 இரண்டு இறுதி ஆட்டத்திலும் தோல்வி. யூகான் அணியின் பிரியானா ஸ்டூவர்ட்டோ 2013 முதல் 2016 வரை நான்கு வருஷமும் கோப்பை வென்றவர். யார் பெரியவர் என்று பிள்ளைகள் கேட்டால் நான் ஸ்டூவர்ட் கட்சி. ஆனால் என்னை உறுத்துவது லினெட் வுடார்ட் கதை. 1981-ல் கேன்சஸ் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகும்போது அவர் கணக்கு 3,649. பெண்களுக்கான போட்டியை அப்போது நடத்தியது வேறொரு சங்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 1982-ல்தான் பெண்கள் கோப்பையைத் தொடங்கியது. அதனால் அவர் புள்ளிகள் பல காலம் என்சிஏஏ ஏட்டில் ஏறவே இல்லை. பேரேடு யார் கையிலோ, சாதனையும் அவர்கள் கையில்.

நம் பக்கம் பேரேடு வேறு மாதிரி. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும்வரை எங்கள் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பல்கலைக்கழக அணிக்குள் நுழைய இங்கிருந்து போகிற பெண், தலைநகரக் கல்லூரிகளின் பெண்களோடு மோத வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு அப்படி ஏன் அடித்துக்கொண்டார்கள்? வேலைதான். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்றாம் படிவம். அதில் அணி எத்தனையாவது இடம் என்று எழுத ஒரு வரி உண்டு. நீ எத்தனை புள்ளி போட்டாய் என்று கேட்க ஒரு வரியும் இல்லை. முதல் சுற்றிலேயே வெளியேறிய அணியில் முப்பது புள்ளி போட்டவளுக்கு அது எங்கும் செல்லாத காசு. கோப்பை வென்ற அணியின் பெஞ்சில் இருந்தவளுக்கோ, முதல் ஐவரில் ஆடியவளுக்குக் கிடைத்த அதே தாள். இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்க்ரீன் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றவளுக்கும் அதில்தானே சோறு.

2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரையைப் பற்றிப் பேசினால் வருகிற எண்களும் இந்த வகைதான்: 19 வயதில் இந்திய அணித் தலைவி, ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகள், தேசியப் போட்டிகளில் 30 பதக்கங்கள். எல்லாமே அணியோடு சேர்ந்து வந்த எண்கள்.

ஆனாலும் ரீபவுண்டுக்குத் தனியாக ஒரு நோட்டும், அதை எழுத மேஜையில் இன்னொரு நாற்காலியும் போடச் சொல்லி, போட்டி நடத்துகிறவர்களிடம் வருஷா வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.