சிறை வாசலும் தொற்றுநோயும்: முசிறி, திருச்சி வட்டாரத்தை முன்வைத்து

முசிறிப் பக்கம் ஒருவர் கைதானால் நடுவர் முன் நிறுத்திக் கிளைச் சிறைக்கு அனுப்புவது வழக்கம். ஊரார் வாயில் அது ‘சப் ஜெயில்’. வழக்கு பெரிதானாலோ தண்டனை விழுந்தாலோ திருச்சி மத்திய சிறை. சிறைக்குள் நோய் எப்படி நுழைகிறது என்று தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்ன வாசலைத்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறைகளில் அதிகம் கொன்றவை காலராவும் வயிற்றுக்கடுப்பும். நெரிசலும் ஒரு காரணம் என்று அரசுக்கு அப்போதே தெரியும். கைதி ஒருவருக்கு 54 சதுர அடி இடம் வேண்டும் என்று 1864-ஆம் ஆண்டுச் சிறைக் குழு பரிந்துரைத்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் அந்தக் கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. தானியம் திருடிப் பிடிபட்டவர்கள் எலும்பும் தோலுமாய் உள்ளே வந்தார்கள். பசி ஏற்கெனவே பாதி உயிரைக் குடித்திருந்தது. மீதியை நோய் குடித்தது.

1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இந்த அனுபவத்தின் பிள்ளை. கொள்ளைநோய் பரவினால் கைதிகளைத் தற்காலிகமாக வேறிடத்தில் தங்கவைக்க 7-ஆம் பிரிவு. உள்ளே வந்தவுடன் மருத்துவச் சோதனை நடத்த 24-ஆம் பிரிவு. சிறைதோறும் மருத்துவமனைக்கு 39-ஆம் பிரிவு. ஆனால் 24-ஆம் பிரிவைக் கூர்ந்து படித்தால் ஒன்று உறுத்துகிறது. உடல்நிலை, காயத் தழும்புகளோடு, கடுங்காவல் தண்டனை பெற்றவரானால் எந்த வகை உழைப்புக்கு இவர் தகுதி என்பதையும் அந்தச் சோதனையில் குறிக்க வேண்டும்.

அந்த உழைப்பு என்ன செய்தது என்பதற்குத் திருச்சி சிறையிலும் சேலம் சிறையிலும் இருந்த சுப்பிரமணிய சிவாவே சாட்சி. 1908-இல் வ.உ.சி.யோடு கைதானவர். கம்பளி ரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்குத் தரப்பட்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1912 நவம்பரில் விடுதலையானபோது உடலில் தொழுநோய். சிறைதான் நோயைக் கொடுத்தது என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். மருத்துவம் அவ்வளவு உறுதியாகச் சொல்லவிடாது: தொழுநோய்க் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும், சிலருக்கு இருபதும் ஆகலாம். கிருமி எங்கே தொற்றியது என்பது தீராத கேள்வி. கடும் உழைப்பிலும் மோசமான உணவிலும் அவர் உடல் நொறுங்கியது பற்றிக் கேள்வியே இல்லை. பிறகு தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்ற தடையும் வந்தது. நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய அவர் 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் இறந்தார்.

சிறையை உள்ளிருந்து பார்த்த மருத்துவர் ஒருவரும் இந்த வட்டாரத்தில் இருந்தார்: ஸ்ரீரங்கத்து டி.எஸ்.எஸ். ராஜன். 1930 ஏப்ரல் 13 அன்று வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான். சிறை சென்ற இவரே 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத் துறையை ஏற்றார். தொற்றுநோயை அரசுக்கு அறிவிப்பதைக் கடமையாக்கிய 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் அக்காலத்தில் வந்தது. 2020-இல் முகக்கவசம் அணியாதவருக்கு அபராதம் விதிக்க அதே சட்டத்தைத்தான் திருத்தினார்கள்.

இன்று காலராவின் இடத்தில் காசநோயும் எச்.ஐ.வி.யும். 2019-இல் உலகச் சிறைகளில் சுமார் 1,25,000 பேருக்குக் காசநோய் கண்டதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டு இந்திய மத்திய சிறைகளில் நடந்த கண்காணிப்பில் எச்.ஐ.வி. சுமார் 2 விழுக்காடு. பொதுமக்களிடம் அது 0.22.

இந்தியச் சிறைவாசிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். இன்று ரிமாண்டு, நாளை ஜாமீன். காசநோய்க்கோ ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். ஜாமீன் உத்தரவு வந்த மாலையே ஆள் வெளியேறுகிறார்; மருந்து அட்டை சிறையிலேயே தங்கிவிடுகிறது. சிகிச்சை அறுந்தால் மருந்துக்கு அடங்காத காசநோய் வீட்டுக்கும் ஊருக்கும் போய்ச் சேரலாம்.

கொரோனா ஒரு பாடம் சொன்னது. 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் நெரிசலைக் குறைக்க மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்கச் சொன்னது. தமிழகத்தில் புதிதாகக் கைதானவர்களை நேரே மத்திய சிறைக்கு அனுப்பாமல், சில கிளைச் சிறைகளில் தனியே வைத்துப் பரிசோதித்த பிறகே அனுப்பினார்கள். ஆக, வாசலில் நோயைத் தடுக்க நம்மால் முடியும். அந்த ஏற்பாட்டைக் காசநோய்க்கும் நிரந்தரமாக்க வேண்டும். கிளைச் சிறைக்கு வருகிறவரிடம் முதல் நாளே இருமல் பற்றிக் கேட்டுச் சளி எடுங்கள். ஜாமீனில் போகிறவர் கையில் மாத்திரையையும், அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டையும் கொடுத்தனுப்புங்கள்.