சோப்பு காயும் காலம்

2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. அந்த மாதம் மூன்றாம் தேதி ராத்திரி அக்கா போன் செய்தாள். "டேய், ஒரு கம்பெனியில நூத்தி இருபது கிஃப்ட் பாக்ஸ் கேக்குறாங்க. பாக்ஸுக்கு மூணு சோப்பு. இருபத்தஞ்சாம் தேதி கையில வேணுமாம்." குரலில் இருந்தது சந்தோஷமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அக்கா தாம்பரத்தில் வீட்டு மாடியில் சோப்பு செய்து விற்கிறாள். (உரிமம் வாங்கிய கதை தனிக் கட்டுரைக்கு ஆகும், விட்டுவிடுகிறேன்.) தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடா. இரண்டையும் சேர்த்து மோர்க்குழம்புப் பதம் வரும்வரை அடித்து, அச்சில் ஊற்றி, மறுநாள் கட்டிகளாக வெட்டி, அலமாரியில் இடைவெளி விட்டு அடுக்குவாள். அதற்கப்புறம் ஆறு வாரம் ஒன்றும் செய்யக்கூடாது. தொழிலில் இதற்கு க்யூரிங் என்று பெயர். அக்கா "காயப்போடறது" என்பாள்.

ஆகஸ்டில் ஊற்றியதெல்லாம் வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. புதிதாக ஊற்றினால் இருபது நாள் கிடைக்கும், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். தேதி என்று ஒன்று வந்துவிட்டால் வேலையை எப்படியாவது அதற்குள் மடித்து வைத்துத்தான் பழக்கம். படித்த வேதியியலையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாக மாறும் வினை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் தண்ணீர் போவதற்குத்தானே? "பிஎச் தாள்ல நிறம் சரியா இருந்தா அனுப்பிடுக்கா. தண்ணிக்காக யாராவது ஆர்டரை விடுவாங்களா?"

அனுப்பினாள். நவம்பர் நடுவில் அந்தக் கம்பெனியிலிருந்து படங்கள் வந்தன. சோப்புப் பெட்டியில் கூழ் மாதிரி ஏதோ ஒன்று. இன்னொருவர் பிரிக்காத கட்டியைத் தராசில் வைத்துப் படம் எடுத்திருந்தார். உறையில் 100 கிராம், தராசில் 94. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குற்றவுணர்ச்சி வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வேலை படிப்பது. அந்த மழைக்காலம் முழுக்க சோப்பின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. நான் "வெறும் தண்ணீர்" என்று தள்ளிய அந்த ஆறு வாரத்தைச் சுற்றி ராஜாக்கள் சட்டம் போட்டிருக்கிறார்கள், வியாபாரிகள் வீடு கட்டியிருக்கிறார்கள், விவசாயிகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்திலிருந்து தொடங்கலாம். இலையுதிர் காலத்தில் ஆலிவ் அறுவடை, அதன்பின் எண்ணெய், அதன்பின் சோப்பு. தரைத்தளத்தில் பெரிய செம்புக் கொப்பரையில் நாள்கணக்கில் கொதிக்கும். காரத்துக்கு, யோர்தான் நதிக்குக் கிழக்கே வளரும் உப்புச் செடிகளை எரித்த சாம்பலை பெதூயின்கள் கொண்டுவருவார்கள். கொதித்த சோப்பை மாடித் தரையில் பரப்பி, ஆறியதும் கோடு போட்டு வெட்டி, ஒவ்வொரு கட்டியிலும் முத்திரை குத்துவார்கள். அப்புறம் அடுக்குவார்கள். படங்களில் பார்த்திருக்கலாம்: ஆள் உயரத்தைத் தாண்டும் கூம்புக் கோபுரங்கள், நடுவில் வெற்றிடம், கட்டிக்கும் கட்டிக்கும் இடையில் காற்று போக வழி. மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அந்தக் கட்டடத்தின் மாடி முழுக்கக் காத்திருப்பதற்கென்றே கட்டிய இடம். சிரியாவின் அலெப்போவிலும் இதே கதைதான். குளிர்காலத்தில் காய்ச்சி, ஆறிலிருந்து ஒன்பது மாதம் உலர்த்துவார்கள். பச்சையாக இருந்த கட்டி வெளியே பொன்பழுப்பாகும், வெட்டினால் உள்ளே இன்னும் பச்சை. இந்த இரண்டு ஊர்களின் சோப்புத் தொழிலையும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதாவது, நாங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்த அடுத்த மாதம்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அந்தக் காலத்தில் எவ்வளவு பொறுமை" என்று உருகத் தயாராக இருந்தேன். பெஷாரா தௌமானி 1995இல் வெளியிட்ட 'ரீடிஸ்கவரிங் பாலஸ்டைன்' என்ற புத்தகம் அதைக் கெடுத்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நாப்லுஸ் வியாபாரிகளைப் பற்றிய ஆய்வு அது. சோப்புக்கு முதல் வேண்டும், அதுவும் முடங்கிக் கிடக்கத் தயாரான முதல். எண்ணெயை மொத்தமாக வாங்கிச் சேர்த்து, காய்ச்சி, காயவைத்து, கெய்ரோவுக்கு அனுப்பிக் காசு திரும்பி வரும்வரை தாங்கவேண்டும். பெரும் பணக்காரர்களால்தான் முடியும். அவர்கள் எண்ணெயை வாங்கிய வழிகளில் ஒன்று சலம் என்ற ஒப்பந்தம். விவசாயி கையில் காசில்லாத மாதத்தில் முன்பணம் கொடுத்துவிட்டு, அறுவடையானதும் பேசிய குறைந்த விலைக்கு எண்ணெயை எடுத்துக்கொள்வது. நம்மூர் நெல் வியாபாரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோபுரமாக நின்று காய்ந்த சோப்பின் பொறுமைக்கு வட்டி கட்டியது ஆலிவ் விவசாயி.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "என் அலமாரியில எப்பவும் முப்பதாயிரம் ரூபா சும்மா உக்காந்திருக்கு, அதுக்கு யாருடா வட்டி குடுக்கறா?" என்றாள்.

அடுத்து பிரான்ஸ். 1688 அக்டோபர் 5ஆம் தேதி பதினான்காம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். சோப்புக்கு ஆலிவ் எண்ணெய் மட்டும்தான், வேறு கொழுப்பு கலக்கக்கூடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் சோப்பு ஆலைகள் மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் கோடை வெப்பத்தில் சோப்பின் தரம் கெடும். மீறினால் சரக்கு பறிமுதல். (இணையத்தில் இதை 'கோல்பேர் ஆணை' என்று போட்டுப் பழைய நிதியமைச்சரின் படத்தைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அவர் 1683லேயே இறந்துவிட்டார். ஆணையில் சம்பந்தப்பட்டவர் அதே பெயர்கொண்ட அவருடைய மகன்.) ஒரு பொருளை எந்த மாதத்தில் செய்யக்கூடாது என்று அரசாங்கம் சொல்வது எனக்கு விநோதமாக இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் மாதிரி சோப்புக்கு ஒரு தடைக்காலம்.

மார்செய் சோப்பின் மேல் பின்னாளில் 72% என்று ஒரு முத்திரை வந்தது. அதில் இத்தனை விழுக்காடு கொழுப்பு அமிலம் இருக்கிறது என்பதற்கான உத்தரவாதம் அது. உத்தரவாதம் எதற்கு? சோப்பு எவ்வளவு தண்ணீரையும் உள்ளே வாங்கிக்கொண்டு கட்டியாகவே நிற்கும், வாங்குபவருக்குத் தெரியாது. பால்காரருக்கும் சோப்புக்காரருக்கும் சபலம் ஒன்றுதான். இன்றைக்கும் நம் கடைகளில் குளியல் சோப்பின் உறையைத் திருப்பிப் பார்த்தால் டிஎஃப்எம் என்று ஓர் எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி 76 விழுக்காட்டுக்கு மேல் என்றால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அதையும் தொடாதவை 'பாத்திங் பார்' என்ற பெயரில் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். தராசில் வைத்த அந்த 94 கிராம் கட்டி எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. வாங்கியவர்களுக்கு நாங்கள் கட்டிக்கு ஆறு கிராம் தண்ணீரைச் சோப்பு விலைக்கு விற்றிருக்கிறோம்.

இங்கிலாந்தில் வேறு மாதிரிக் கெடுபிடி. 1712 முதல் 1853 வரை சோப்புக்கு வரி. வரி ஏய்த்து ராத்திரியில் காய்ச்சிவிடக் கூடாது என்பதற்காகக் கொப்பரைகளுக்கு மூடி போட்டு, அதிகாரிகள் தினமும் பூட்டிவிட்டுப் போவார்கள். கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது வரி போனது, பூட்டும் போனது.

இந்தக் கட்டுகளையெல்லாம் உடைத்தது ஒரு வைத்தியர். காரத்துக்காக ஸ்பெயினின் செடிச் சாம்பலை நம்பிக்கொண்டிருந்த பிரான்சில், சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறையைக் கண்டுபிடித்து நிகோலா லெப்லான் 1791இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முதல் போட்ட ஆர்லியான் கோமகனைப் புரட்சி 1793இல் கில்லட்டினில் ஏற்றியது. ஆலை பறிபோனது, ரகசியம் ஊருக்கெல்லாம் தெரிந்தது. பின்னால் ஆலை திரும்பி வந்தபோது நடத்தக் காசில்லை. 1806இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் முறையில் இயங்கிய ஆலைகள் கக்கிய அமிலப் புகையில் சுற்றுவட்டாரத்துப் பயிர்கள் கருகி, பிரிட்டன் 1863இல் அதற்கென்றே தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. ஆனால் காரம் மலிந்துவிட்டது. இனி எண்ணெய்தான் வேண்டும். லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பில் கொப்பரை எண்ணெயும் பனங்கொட்டை எண்ணெயும் போயின. அந்த எண்ணெய்க்காக 1911இல் லீவர் பெல்ஜியக் காங்கோவில் நிலம் பிடித்தபோது, அங்கே குலை வெட்டியவர்களில் கட்டாயத்தின் பேரில் வந்தவர்கள் ஏராளம். மலிவு விலைக்கும் யாரோ ஒருவர் வட்டி கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சன்லைட் 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக இறங்கியது. அதுவரை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? வண்ணார்கள் உவர்மண்ணை எடுத்துத் துணிக்குப் போட்டு வெள்ளாவி வைத்தார்கள். உடம்புக்குச் சீயக்காய், அரப்பு, பயத்தமாவு. தீபாவளி என்பதே விடியற்காலையில் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பதுதான். வருஷத்தில் சோப்பு தேவையே இல்லாத ஒரு குளியல் உண்டென்றால் அது அன்றைக்குத்தான். அந்த நாளுக்குச் சோப்பைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. பண்டிகையோடு சோப்பைக் கட்டுவதில் பிரிட்டிஷ் கம்பெனிகள் கெட்டிக்காரர்கள். பியர்ஸ் சோப்புக்காரர்கள் 1891 முதல் 1925 வரை கிறிஸ்துமஸுக்கு ஓர் ஆண்டுமலரே போட்டார்கள். அந்தப் பியர்ஸ் கட்டியின் நடுவில் இருக்கும் பள்ளம், அச்சு கொடுத்த அழகு என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வாரக்கணக்கில் காயவைத்தபோது சுருங்கி வந்த பள்ளமாம் அது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தக் காத்திருப்பையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரு வாரம் கொப்பரையில் கொதித்தது சில மணி நேரத்தில் முடிந்தது. சோப்பைச் சீவலாக்கி, ஈரத்தை இழுத்து, உருளைகளில் அரைத்து, அழுத்தி, நீளமாகப் பிதுக்கி வெட்டினால் அன்றே உறை போடலாம். ஜூன், ஜூலை, ஐப்பசி என்ற பேதமே இல்லாத சோப்பு. என் தவறு இங்கேதான் இருந்தது. அக்கா செய்வது நாப்லுஸ்காரர்களின் சோப்பு. இருபத்தைந்தாம் தேதி வேண்டும் என்று கேட்டவர்களும், அனுப்பு என்று சொன்ன நானும் மனதில் வைத்திருந்தது இயந்திரச் சோப்பு. வெறும் தண்ணீர் என்று நான் சொன்னதும் பாதிதான் சரி. நாளாக ஆகத்தான் உள்ளே சோப்பின் படிகக் கட்டமைப்பு இறுகும், தண்ணீரில் சீக்கிரம் கரையாமல் நிற்கும்.

அதிலும் சென்னை மழை வேறு. ஆலைகள் பிரித்தெடுத்து விற்றுவிடும் கிளிசரின் கைசோப்பில் அப்படியே தங்கியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 15இல் தொடங்கி, அன்றே நகரம் வெள்ளக்காடானது. அக்காவின் கட்டிகள் வியர்த்துக்கொண்டு நின்றன. மின்விசிறியைத் திருப்பி வைத்து, ஜன்னலைச் சாத்தி, என்னென்னவோ செய்தோம். லூயி ராஜா இங்கே இருந்திருந்தால் தடைக்காலத்தை ஐப்பசி, கார்த்திகைக்கு மாற்றியிருப்பார். நமக்குப் பண்டிகைகளெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

2025இல் தீபாவளி அக்டோபர் 20. அக்கா ஒரு நோட்டுப் போட்டாள். ஒவ்வொரு ஊற்றிலும் ஒரு கட்டியை வாராவாரம் எடை போட்டு எழுதுவாள். 112, 107, 104, 102. எண் நகராமல் நின்ற பிறகுதான் உறை. என் எக்செல் அட்டவணையை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. கடைசி ஊற்று ஆகஸ்ட் 31 என்று காலண்டரில் வட்டம் போட்டாள்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி வாக்கில் வேறொரு கம்பெனியிலிருந்து இருநூறு பெட்டி கேட்டார்கள். போன வருஷம் நஷ்டமானதை ஒரே வீச்சில் எடுத்துவிடலாம். நான் அன்று தாம்பரத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம். பிறகு, "பொங்கலுக்கு வேணும்னா தரேன் சார்" என்று சொல்லி வைத்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் அண்டாவைக் காலால் மூலைக்குத் தள்ளிவிட்டு, "வெள்ளைக்காரன் பூட்டு போட்டான்னு சொன்னியே, அந்த மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாடா. நாளைக்கு எனக்கே மனசு மாறிடும்" என்றாள்.